ஏ.சி. காரில் வந்த ஊறல் வாடை

உத்திரமேரூரில் அந்த வருஷம் குளிர்காற்று வைத்த கார் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. ரைஸ் மில் தாமோதரனுடைய வெள்ளை அம்பாசிடர். அதை ஓட்டியவன் வேதகிரி. ஊரில் வெயில் படாமல் கூலி வாங்குகிறவன் அவன் ஒருவன்தான் என்று பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் கிண்டல் செய்வார்கள். வேதகிரி அதைக் கிண்டலாக எடுத்துக்கொள்ளவில்லை. யாரோ சூட்டிய பட்டம் மாதிரி எடுத்துக்கொண்டான்.

அவனுடைய அப்பா மாட்டு வண்டியில் மில்லுக்கு நெல் மூட்டை ஏற்றி வந்தவர். அவன் அதே மில்லின் லாரியில் கிளீனராகச் சேர்ந்து, பிறகு டிரைவராகி, கடைசியில் முதலாளியின் காருக்கு வந்து சேர்ந்தான். காருக்கு வந்த அன்று முதலாளி இரண்டு வெள்ளைச் சட்டை தைத்துக் கொடுத்தார். அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு கண்ணாடியில் பார்த்தபோது, வண்டிக்காரன் மகன் எங்கேயோ போய்விட்டான். வேறு ஒருவன் நின்றுகொண்டிருந்தான்.

முனியம்மாள் அவன் மனைவி. அதே மில்லில் ஊறல் தொட்டியில் வேலை. புழுங்கல் அரிசிக்கு நெல்லை முதலில் சிமெண்டுத் தொட்டியில் கொட்டித் தண்ணீரில் ஊறப் போடுவார்கள். ஊறி முடிவதற்குள் தண்ணீர் புளித்து நுரை கட்டி, தெருமுனை வரைக்கும் நாறும். அந்தத் தண்ணீரில் இறங்கி, ஊறிய நெல்லைக் கூடை கூடையாக வாரி மேலே கொடுப்பவள் முனியம்மாள். சாயங்காலம் எத்தனை சொம்பு ஊற்றிக் குளித்தாலும் அந்த வாடை தலைமுடியில் கொஞ்சம், நகக்கண்ணில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டேதான் இருக்கும்.

வேதகிரி அவளை முதன்முதலில் பார்த்ததே அந்தத் தொட்டியில்தான். லாரியை நிறுத்திவிட்டு மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றவனைப் பார்த்துத் தொட்டிக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. “இன்னா லாரிக்காரரே, இப்போ மூக்கப் பொத்திக்கிற. இதே நெல்லு சோறாயி தட்டுல வந்தா மூக்க எங்க கொண்டுபோயி வெப்ப?”

அவன் மூக்கிலிருந்து கையை எடுத்தான். எடுத்த கையாலேயே அடுத்த தை மாதம் அவள் கழுத்தில் தாலி கட்டினான். குழந்தை பிறக்கவில்லை. அவனுக்கு அவள், அவளுக்கு அவன் என்று அந்த ஓட்டு வீடு நிறைந்திருந்தது. லாரி ஓட்டிய காலத்தில் அவன் உடம்பில் டீசல் நாறும், அவள் உடம்பில் ஊறல் நாறும். இரண்டும் கலந்த வாடைதான் அவர்கள் வீட்டின் வாடை. அதில் யாருக்கும் வெட்கம் இருந்ததில்லை.

வெட்கம் வெள்ளைச் சட்டையோடு வந்தது. சட்டையைத் துவைத்து அவள் சேலைக்குப் பக்கத்தில் கொடியில் போட வேண்டாம் என்றான். தனியாக ஒரு கயிறு கட்டினான். அவள் அதற்கும் சிரித்தாள். “கார் வந்ததும் சட்டைக்குத் தனி வூடு கேக்குதா” என்றாள். அவனும் சிரித்தான். ஆனால் கயிற்றை அவிழ்க்கவில்லை.

தாமோதரன் தம் மகளுக்கு மெட்ராஸில் பெரிய இடத்தில் சம்பந்தம் பேசியிருந்தார். மாப்பிள்ளை வீட்டார் ஏ.சி. இல்லாத அறையில் உட்காராதவர்கள் என்று கேள்வி. அவர்கள் ஊருக்கு வந்து போகும்போது வியர்க்கக் கூடாது என்பதற்காகவே காரை மெட்ராஸுக்கு அனுப்பி ஏ.சி. வைத்துக்கொண்டு வந்தார். டேஷ்போர்டுக்குக் கீழே ஒரு பெட்டி. முன்பக்கம் குளிர்காற்று வரும். மேல்பக்கம் இருந்த சந்து வழியாகக் காற்றை உள்ளே இழுக்கும். குளிரில் சேரும் தண்ணீர் ஒரு ரப்பர் குழாய் வழியாகக் காருக்கு அடியில் சொட்டும். காரை நிறுத்தினால் போதும், டீக்கடைக்காரர்கள் எட்டிப் பார்த்து, “வேதகிரி, உன் வண்டி ஒண்ணுக்குப் போவுது பாரு” என்பார்கள். அது ஒன்றுதான் அவனுக்குப் பேஜாராக இருந்தது.

அந்த வருஷத்து ஆயுத பூஜை வந்தது. ஏ.சி. வந்த பிறகு வரும் முதல் பூஜை. வேதகிரி காரைக் கழுவித் துடைத்து, வாழைக்கன்று கட்டி, ஸ்டியரிங்குக்கும் கியருக்கும் சந்தனம் குங்குமம் வைத்தான். எல்லாவற்றுக்கும் மேலாகப் புதுப் பெட்டிக்கு மரியாதை செய்ய நினைத்தான். அதன் மேல் சாமந்திப்பூச் சரம் வைத்தான். ஒரு வாழை இலைத் துண்டில் பொரியும் பொட்டுக்கடலையும் குவித்து அதன் தலையிலேயே படையல் போட்டான். கற்பூரம் காட்டி, எலுமிச்சம்பழம் நசுக்கி, மில்லைச் சுற்றி ஒரு நடை ஓட்டினான். ஏ.சி.யையும் போட்டுவிட்டான். முதல் பள்ளத்தில் கார் தூக்கிப் போட்டதும் இலை சரிந்தது. சரசரவென்று பொரியை அந்தச் சந்து இழுத்துக்கொண்டது. பின்னால் உட்கார்ந்திருந்த தாமோதரன் கண்ணை மூடிக் காற்று வாங்கிக்கொண்டிருந்தார். வேதகிரி பக்தியோடு கன்னத்தில் போட்டுக்கொண்டான். படைத்ததைச் சாமி வாங்கிக்கொண்டது என்று அவனுக்கு ஒரே சந்தோஷம்.

அதற்குப் பிறகு கார் அடியில் தண்ணீர் சொட்டுவதும் நின்றுபோயிற்று. பூஜையின் பலன் என்றே நினைத்துக்கொண்டான்.

ஐப்பசி மழை ஆரம்பித்த ஒரு சாயங்காலம், முதலாளியை வாலாஜாபாத்தில் உறவுக்காரர் வீட்டில் விட்டுவிட்டு வெறும் காரோடு திரும்பிக்கொண்டிருந்தான். மில்லைத் தாண்டி வரும் பாதையில் முனியம்மாள் நனைந்துகொண்டு நடந்துகொண்டிருந்தாள். தலையில் ஒரு கோணி. தொட்டியிலிருந்து ஏறி அப்படியே வருகிறாள் என்பது பார்த்தவுடன் தெரிந்தது.

அந்த ஒரு நிமிஷம் வேதகிரி பழைய லாரிக்காரனாகிவிட்டான். காரை நிறுத்தினான். இறங்கி, மழையில் நனைந்தபடியே, முதலாளி அம்மாவுக்குத் திறப்பதுபோலப் பின்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டான். அவள் தயங்கினாள். சீட்டு பாழாகிவிடும் என்றாள். யாராவது பார்த்தால் வம்பு என்றாள். அவன் விடவில்லை. அவள் கையைப் பிடித்து உட்கார வைத்து, கண்ணாடியை ஏற்றி, அந்த மழைக் குளிரிலும் ஏ.சி.யைப் போட்டான்.

அவளுக்கு உதடு நடுங்கியது. சிரிப்பும் வந்தது. “யோவ், மார்கழி மாசத்தப் பொட்டில போட்டுப் பூட்டி வெச்சிக்கீறாங்களேய்யா” என்றாள். ஏரிக்கரை வரை ஓட்டிப் போய்த் திரும்பினான். அவள் கண்ணாடியில் விழும் மழையைக் கையால் தொடப் பார்த்தாள். அந்தக் கால்மணி நேரம் போல ஒரு சந்தோஷம் அவர்கள் வாழ்க்கையில் அதற்கு முன்னாலும் வந்ததில்லை, பின்னாலும் வரவில்லை.

மறுநாள் காலை முதலாளியின் மனைவி ஆதிலட்சுமி கோயிலுக்குப் போகக் காரில் ஏறினாள். ஏ.சி. போட்டுத் தெரு திரும்புவதற்குள் மூக்கைச் சுளித்தாள். “இன்னாப்பா வேதகிரி, ஊறல் நெல்லு நாத்தம் அடிக்குது? மில்ல காருக்குள்ள கொண்டாந்துட்டியா?”

வேதகிரிக்கு ஸ்டியரிங் பிடித்த கை வேர்த்தது. அவனுக்கும் அந்த நாற்றம் வந்தது. சந்தேகமே இல்லை; ஊறல்தான். அவன் தாலி கட்டிய நாற்றம். தொட்டிப் பக்கம் காரை நிறுத்தியிருந்தேன் என்று எதையோ சொல்லிச் சமாளித்தான். ஆனால் உள்ளுக்குள் அவன் முடிவு செய்துவிட்டான். இது முனியம்மாளின் ஈரச் சேலையிலிருந்து சீட்டில் இறங்கியது. கண்ணாடி மூடியதும் வெளியே போக வழியில்லாமல் முகத்தில் அடிக்கிறது.

அன்றிலிருந்து அவன் பட்ட பாட்டைச் சொல்லி மாளாது. சாம்பிராணி போட்டான். ஊதுவத்தி கொளுத்தினான். சீட்டுக்கு அடியில் எலுமிச்சம்பழத்தை அறுத்து வைத்தான். கற்பூரத்தைத் துணியில் கட்டித் தொங்கவிட்டான். கதவைத் திறந்து வெயிலில் விட்டால் வாடை இல்லை. ஏ.சி. போட்டால் வந்துவிடும். வீட்டில் சோறு போட முனியம்மாள் பக்கத்தில் வந்தால், அவனையறியாமல் முகம் திரும்பியது. ஒரு நாள் அவள் தலைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தபோது அவன் கை மூக்குக்குப் போயிற்று. எடுத்துவிட்டான். ஆனால் அவள் பார்த்துவிட்டாள். எழுந்து போனாள்.

ஐயோ, அந்தக் கை! எந்தக் கையை மூக்கிலிருந்து எடுத்ததற்காக ஒருத்தி தன்னையே கொடுத்தாளோ, அந்தக் கை!

தீபாவளிக்கு முன் மாப்பிள்ளை வீட்டார் பட்டு எடுக்க ஊருக்கு வந்தார்கள். தாமோதரன் அவர்களை அந்தக் காரில்தான் காஞ்சிபுரம் அழைத்துப் போனார். மாப்பிள்ளையின் அம்மா கடை வாசல் வரும்வரை முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டே வந்தாள். இறங்கும்போது சிரித்தபடி ஒரு வார்த்தை சொன்னாள். “சம்பந்தி, பட்டு எடுக்க நாங்க மட்டும் வரல. உங்க மில்லும் கூடவே ஏறிக்கினு வந்துது.” எல்லோரும் சிரித்தார்கள். தாமோதரனும் சிரித்தார். அவர் காது சிவந்திருந்ததை வேதகிரி கண்ணாடியில் பார்த்தான்.

மறுநாள் காலையில் களத்தில் வேலை நடந்துகொண்டிருந்தது. பெண்கள் அவித்த நெல்லைக் காலால் கிளறிக்கொண்டிருந்தார்கள். தொட்டியில் முனியம்மாள். தாமோதரன் நேராகக் காரின் அருகே வந்து, பின்கதவைத் திறந்து, சீட்டை முகர்ந்து பார்த்தார். பிறகு களம் முழுக்கக் கேட்கும்படி கேட்டார்.

“டேய் வேதகிரி, என் வண்டில எவள ஏத்தின?”

ஏத்தினேன் என்று சொல்லியிருக்கலாம். மழையில் நனைந்து வந்த என் பெண்டாட்டியை ஏற்றினேன் என்று சொல்லியிருக்கலாம். என்ன ஆகியிருக்கும்? இரண்டு திட்டு விழுந்திருக்கும். ஆனால் வேதகிரியின் கண்ணுக்கு முன்னால் அந்த வெள்ளைச் சட்டை கழன்று விழுந்தது. லாரி தெரிந்தது. டீக்கடைச் சிரிப்பு கேட்டது.

“முனியம்மாதான் மொதலாளி” என்றான். “நான் வேணாம் வேணாம்னுதான் சொன்னேன். மழையில அவளா கதவத் தொறந்து ஏறி உக்காந்துட்டா.”

களத்தில் கால்கள் நின்றுவிட்டன. எல்லாத் தலையும் தொட்டிப் பக்கம் திரும்பியது. முனியம்மாள் கூடையோடு நின்றாள். அவளுடைய பார்வை வேதகிரியின் மேல் வந்து ஒரு கணம் தங்கியது. அவன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“ஆமா மொதலாளி” என்றாள் அவள். “நாந்தான் ஏறினேன்.”

ஆதிலட்சுமி யாரையும் கை நீட்டித் தள்ளுகிறவள் அல்ல. ஆனால் சம்பந்தி முன்னால் பட்ட அவமானம் அவளுக்குள் கொதித்துக்கொண்டிருந்தது. அழுக்காக்கியவளே கழுவட்டும் என்றாள். பட்டப்பகலில், கூட வேலை செய்யும் பெண்கள் பார்க்க, முனியம்மாள் சீயக்காய்த் தூளும் தென்னை நாரும் எடுத்துக்கொண்டு, தான் ராணி போல உட்கார்ந்து வந்த அந்த சீட்டைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். வேதகிரி பக்கத்தில் நின்று தண்ணீர் ஊற்றினான். பார்த்த பெண்களில் அம்முலு என்பவள் மட்டும், “தண்ணி ஊத்துறவன் தல நிமிரவே இல்ல பாரு” என்று வாய்க்குள் சொன்னாள். அது அவன் காதில் விழுந்தது.

அடுத்த சில நாட்கள் விடாத மழை. ஏ.சி. போட வேண்டிய தேவை வரவில்லை. கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிவிட்டு ஓட்டினான். வாடை இல்லை. பார்த்தீர்களா, கழுவினதும் போய்விட்டது என்று முதலாளி வீட்டில் எல்லோரும் சொன்னார்கள். முனியம்மாளின் பேச்சு அடியோடு நின்றுபோயிற்று. அவனுக்குச் சோற்றை வைத்துவிட்டுக் கதவோரம் போய் நிற்பாள். தீபாவளிக்கு மறுநாள் மாகறலிலிருந்து அவள் அண்ணன் சடையப்பன் வரிசைப் பலகாரம் கொண்டு வந்தான். திரும்பும்போது அவளும் ஒரு பையோடு கிளம்பினாள். வேதகிரி வழியில் வந்து நின்றான்.

“என் நாத்தம் உன் சட்டைக்கு ஆவாதுய்யா” என்றாள். அவ்வளவுதான். அழவுமில்லை.

கார்த்திகையில் மழை விட்டு வெயில் சுள்ளென்று அடித்தது. முதலாளியைக் காஞ்சிபுரம் கூட்டிப் போக ஏ.சி.யைப் போட்டான். பெட்டி ஒரு முறை முனகியது. அடுத்த நிமிஷம் வந்தது பாருங்கள் நாற்றம்! முன்பு வந்தது வாடை என்றால் இது பிணம். தாமோதரன் கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டிக்கொண்டார். இப்போது யாரைக் குற்றம் சொல்வது? முனியம்மாள் ஊரிலேயே இல்லை. சீட்டு கழுவிக் காய்ந்து மாதம் ஆகப்போகிறது.

காஞ்சிபுரத்தில் பட்டுக்கடைக்காரர்களின் பிரிட்ஜும் ஏ.சி.யும் ரிப்பேர் பார்க்கும் ஞானதாஸ் என்பவரிடம் காட்டச் சொல்லிவிட்டு, தாமோதரன் வேறு வண்டி பிடித்து ஊருக்குப் போனார். ஞானதாஸ் பெட்டியின் அடித்தட்டைக் கழற்றினார். கழற்றியவர் பின்னுக்கு நகர்ந்துகொண்டார்.

“இன்னாய்யா டிரைவர், உள்ள கஞ்சி காச்சி வெச்சிக்கீற?”

தட்டு நிறையத் தண்ணீர். அதில் ஊதிப் பருத்துப் பொதபொதவென்று பொரி. அழுகிய கடலை. கறுத்துப்போன சாமந்தி இதழ்கள். தண்ணீர் வெளியே போகும் குழாயின் வாயை எல்லாம் சேர்ந்து களியாக அடைத்திருந்தது. ஞானதாஸ் அதை ஒரு குச்சியால் கிளறிப் பார்த்துச் சிரித்தார். ஆயுத பூஜைக்குச் சந்தனம் வைப்பார்கள், பூப் போடுவார்கள். மெஷினுக்குச் சோறு ஊட்டிவிட்டவனை இப்போதுதான் பார்க்கிறேன் என்றார். கடையில் இருந்தவர்கள் எல்லோரும் எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள்.

வேதகிரி விரலை விட்டு எடுத்து முகர்ந்து பார்த்தான். பொரியும் அரிசிதானே. அரிசி தண்ணீரில் கிடந்து புளித்தால் என்ன வாடை வரும்? ஊறல் வாடைதான் வரும். தன் கையால் வைத்து, தன் கண்ணால் உள்ளே போனதைப் பார்த்து, கன்னத்தில் போட்டுக்கொண்ட பொரி. அதைத் தன் பெண்டாட்டியின் உடம்பென்று நம்பினான். நம்பியது மட்டுமா, களத்தில் நின்று சொல்லவும் சொன்னான். கடைச் சிரிப்புக்கு நடுவில் அவன் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினான். அவனும் சிரிக்கிறான் என்றுதான் அவர்கள் நினைத்தார்கள்.

அந்தக் களியைக் கொட்டிவிட வேண்டாம் என்று கேட்டு ஒரு தூக்குப் பாத்திரத்தில் வாங்கிக்கொண்டான். குழாயைச் சுத்தம் செய்து மாட்டியதும் கார் பழையபடி சொட்டத் தொடங்கியது. நேராக மாகறலுக்கு விட்டான்.

செய்யாற்றுக் கரையை ஒட்டிய வயலில் முனியம்மாள் களை எடுத்துக்கொண்டிருந்தாள். வெள்ளைக் கார் வரப்போரம் நின்றதும் மற்றப் பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். அவள் கையைக் கழுவிக்கொண்டு மெதுவாக வந்தாள். அவன் தூக்கைத் திறந்து நீட்டினான்.

முகர்ந்து பார்த்துவிட்டு, “தொட்டித் தண்ணி. இத எதுக்கு இம்மாந்தூரம் தூக்கிக்கினு வந்த?” என்றாள்.

“தொட்டித் தண்ணி இல்ல முனியம்மா. ஆயுத பூஜைக்கு நான் வெச்ச பொரி. ஏ.சி.க்குள்ள பூந்து ஊறிக்கினு இருந்திருக்குது. உன்னால வந்த நாத்தம் இல்ல. வா, வூட்டுக்குப் போலாம்.”

முனியம்மாள் தூக்கை வாங்கி மூடினாள்.

“பொரின்னு தெரிஞ்சதும் ஓடியாந்துட்ட” என்றாள். “என் நாத்தமாவே இருந்திருந்தா வந்திருக்க மாட்ட, இல்ல?”

வரும் வழியெல்லாம் அவன் அழுதுகொண்டேதான் வந்தான். குற்றமில்லாதவளைக் குற்றவாளி ஆக்கிவிட்டோமே என்று அழுதான். அதைவிட ஆழத்தில் இன்னொன்று கிடந்ததை அவன் எட்டிப் பார்த்திருக்கவில்லை. அவள் அதைக் கூடையில் வாரி மேலே போட்டுவிட்டாள்.

“என் மேல நாத்தம் கீதுதான்யா. தொட்டில எறங்குறவ மேல சந்தனமா மணக்கும்? அதுக்கு நான் வெக்கப்படல. சீட்டக் கழுவுனேனே, அதுக்கும் வெக்கப்படல. எறங்கி வந்து கதவத் தொறந்து, உக்காருன்னு கையப் புடிச்ச பாரு, அத இல்லன்னு சொல்லிட்ட. அது ஒண்ணுதான் எங்கிட்ட இருந்துது.”

அவன் அவள் காலைத் தொடப் போனான். அவள் தள்ளி நின்றாள்.

“பொரியப் பத்தி சொல்லு, சொல்லாத போ. எனக்கு அது வேணாம். உக்கார வெச்சது நீதான்னு சொல்லு. அதே எடத்துல. அப்புறம் வர்றதா வேணாமான்னு நான் பாத்துக்கிறேன்.” வயலுக்கு இறங்கிப் போய்விட்டாள்.

கார் மில்லுக்குள் நுழைந்தபோது மாலை வெயிலில் நெல்லைக் குவித்துக்கொண்டிருந்தார்கள். தாமோதரன் வந்து காருக்குள் உட்கார்ந்து ஏ.சி.யைப் போட்டுப் பார்த்தார். நாற்றம் இல்லை. என்னடா கோளாறு என்று கேட்டார். வேதகிரி பொரிக் கதையைச் சொன்னான். சொல்லி முடிப்பதற்குள் அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். களத்துப் பெண்களும் சிரித்தார்கள். போடா, உன் பெண்டாட்டியை வேலைக்கு வரச் சொல், பாவம் என்றார் அவர்.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். எல்லாம் சிரிப்போடு முடிந்திருக்கும். முதலாளி நடக்கத் தொடங்கிவிட்டார். வேதகிரி நகரவில்லை. தொட்டியைப் பார்த்தான். அதில் வேறு யாரோ கூடையோடு நின்றுகொண்டிருந்தாள்.

“மொதலாளி.” தாமோதரன் திரும்பினார். “அன்னிக்கு முனியம்மா தானா ஏறல. அவ வேணாம்னுதான் சொன்னா. நாந்தான் எறங்கிக் கதவத் தொறந்து கையப் புடிச்சி உக்கார வெச்சேன். ஏ.சி. போட்டு ஏரிக்கரைக்கு இட்டுக்கினு போனேன். பயந்துகினு மாத்திச் சொல்லிட்டேன்.”

சிரிப்பு அடங்கிற்று. தாமோதரன் அவன் முகத்தையே பார்த்தார். காரில் ஏற்றியதற்காக அவருக்குக் கோபம் வந்ததா, கட்டியவளைக் காட்டிக்கொடுத்தவன் என்று அருவருப்பு வந்ததா, தெரியாது. கையை நீட்டினார். வேதகிரி சாவியை அதில் வைத்தான். நாளையிலிருந்து லாரிக்குப் போ என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். அம்முலு குவித்த நெல்லை விட்டு நிமிர்ந்து, இந்த முறை வாய்க்குள் சொல்லாமல், “இத அன்னிக்கே சொல்லியிருந்தா இன்னாண்ணா?” என்று கேட்டாள்.

அந்தப் பேச்சு மாகறலுக்கு எப்படிப் போயிற்றோ, மார்கழி பிறந்து சில நாளில் முனியம்மாள் பையோடு வந்து சேர்ந்தாள். ஒன்றும் கேட்கவில்லை. அடுப்பை மெழுகி உலை வைத்தாள். மறுநாள் தொட்டிக்குப் போனாள். வேதகிரி அன்றைக்கே அந்தத் தனிக் கயிற்றை அவிழ்த்து எறிந்தான். வெள்ளைச் சட்டைகளைக் கிழித்து லாரி துடைக்க எடுத்துக்கொண்டான். எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று நம்பினான்.

சாயங்காலம் அவள் வீடு வந்தபோது தலை ஈரமாக இருந்தது. மில்லின் பம்ப்செட்டிலேயே சீயக்காய் தேய்த்துக் குளித்து, வேறு சேலை மாற்றி, நகத்தைக் கூடத் தேங்காய் நாரால் தேய்த்துவிட்டு வந்திருந்தாள். மார்கழிக் குளிரில் உடம்பு வெடவெடத்தது. வீட்டுக்கு வந்து வெந்நீரில் குளிக்கக் கூடாதா என்று கேட்டான். “இருக்கட்டும்யா” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை. மறுநாளும் அப்படியே வந்தாள். அதற்கு அடுத்த நாளும். சோறு போட்டாள், பேசினாள், காய்ச்சல் வந்தால் நெற்றியில் பற்றுப் போட்டாள். ஆனால் ஊறல் வாடையோடு அந்த வீட்டு வாசற்படியை அவள் மிதிக்கவே இல்லை.

முதலாளி மகளின் கல்யாணம் முடிந்த பிறகு தாமோதரன் அவனைக் கூப்பிட்டுக் கார் சாவியை நீட்டினார். பொரி வைக்காமல் ஓட்டுவதானால் எடுத்துக்கொள் என்றார். வேதகிரி லாரியே இருக்கட்டும் என்று கும்பிட்டுவிட்டு வந்தான். கார் பிறகு யார் யார் கைக்கோ போயிற்று. ஏ.சி. பழுதாகி அந்தப் பெட்டியையும் கழற்றிவிட்டார்கள். ஊர் அந்தக் கதையை மறந்தது.

அவன் மட்டும், லாரியில் மூட்டை இறக்கும்போது, வேலை இல்லாவிட்டாலும் தொட்டியோரம் போய் நிற்பான். புளித்த தண்ணீர் குப்பென்று அடிக்கும். புதிதாக வந்த கிளீனர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுவார்கள். அவன் இரண்டு கையையும் தொங்கவிட்டுக்கொண்டு நிற்பான்.

“இன்னாய்யா இங்க நிக்கிற?” என்று உள்ளேயிருந்து முனியம்மாள் கேட்பாள்.

“சும்மாதான்” என்பான். அவள் கூடையை எடுத்துக்கொண்டு திரும்பிக்கொள்வாள். அவன் தலையைக் குனிந்தபடி இன்னும் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் போவான்.